வெள்ளைக் கிண்ணம்

ஹத்தோரி கயோகோவோடு எங்கள் ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். அவளுக்குக் கை சுத்தம், வாய் மட்டும் சும்மா இருக்காது. அவள் சேர்ந்த புதிதில் பள்ளி முழுக்க ஒரே ஒரு பையனுக்குத்தான் முட்டை ஆகாது. "செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க. ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா திம்பான்" என்று அப்போது பேசியவள் இவள்தான்.

இப்போது முந்நூறு பேரில் பதினெட்டுப் பேர். முட்டை, பால், கோதுமை, கடலை என்று ஆளுக்கொன்று ஆகாது. ஏன் இப்படிக் கூடிப்போனது என்று டாக்டர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியல். பெயரை விரலால் சுட்டி, ஒருத்தி வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தி "சரி" என்ற பிறகே கிண்ணத்துக்கு மூடி போடுவோம். பிள்ளைகளுக்கு அரைமணி முன்னதாகத் தலைமையாசிரியர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். "மனுஷன் இன்னும் நடமாடுறாரா? அப்போ அனுப்பு" என்பாள் கயோகோ.

ஒனோதெரா சுமிரே என்ற பெண்குழந்தைக்குப் பால் துளி உள்ளே போனாலும் மூச்சடைக்கும். மாறிப்போகாமல் இருக்க அவளுக்கென்று மஞ்சள் தட்டு, மஞ்சள் கிண்ணம். முதல் வகுப்பு முழுக்க அந்த மஞ்சளைப் பார்த்து அழுதாள். எல்லோரும் ஒரே மாதிரி சாப்பிடுகிற இடத்தில் தான் மட்டும் வேறாகத் தெரிவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பசியைவிடப் பெரிய துன்பம்.

கயோகோவுக்கு மனசு கேட்கவில்லை. தலைமையாசிரியரை நச்சரித்து மஞ்சளை நிறுத்தினாள். மற்றவர்களுக்குப் பாலில் காய்ச்சும் ஸ்டூ என்ற குழம்பை இவளுக்குச் சோயாப்பாலில் காய்ச்சி, அரிசி மாவைக் கரைத்து, மற்றவர்களுடையதைப் போலவே வெள்ளையாக, வெள்ளைக் கிண்ணத்திலேயே அனுப்பினாள். பெயர்ச் சீட்டு மூடியில் மட்டும் இருக்கும். ரெண்டையும் பக்கத்தில் வைத்து, "எது எது, சொல்லு பாப்போம்" என்று என்னைச் சீண்டுவாள். எனக்கே தெரியாது. சுமிரேயின் அம்மா மாதாமாதம் நன்றிக் கடிதம் எழுதினாள்.

மூன்றாம் வகுப்பில், ஒரு பிப்ரவரி மதியம். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மூடிகளைத் திறந்து, சாப்பிடுமுன் எல்லோரும் ஒன்றாகக் கைகூப்பக் காத்திருந்தார்கள். பாலை வைக்க இடம் போதவில்லை என்று பக்கத்துப் பையன் கிண்ணங்களை நகர்த்தினான். அவை இடம் மாறிவிட்டன. நாலு வாய்க்குள் சுமிரேயின் உதடு வீங்கியது, இழுப்பு வந்தது. வகுப்பு டீச்சர் அவளுக்கென்று வைத்திருந்த அவசர ஊசியைத் தொடையில் குத்திவிட்டு ஆம்புலன்சில் கூடவே போனாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டாள்.

சுமிரேயின் அம்மா வந்த அன்று தலைமையாசிரியர், டீச்சர், நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று தலை குனிந்தோம். "இது எங்க எல்லாரோட தவறும்தாங்க" என்றார் தலைமையாசிரியர். எல்லோர் தவறும் என்றால் யாருடையதும் இல்லை என்று அர்த்தம்.

"இல்லைங்க, என் தவறு" என்று கயோகோ முன்னால் வந்தாள். "அடையாளம் தெரியாம பண்ணது நான்தாங்க."

அந்த அம்மா அவளைப் பார்த்தாள். "நானும்தானே நன்றி எழுதினேன்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஸ்டூ நாளில் சுமிரேக்கு மஞ்சள் கிண்ணம். உள்ளே பூசணி சேர்த்து ஆரஞ்சு நிறத்தில் காய்ச்சியது. சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைத் திருப்பித் தரும் சன்னலில் சுமிரே கயோகோவின் முன் நின்றாள்.

"அத்தை, என் மேல கோபமா?"

"உன் மேல எதுக்குடி கோபம்?"

"அன்னைக்கு முதல் வாயிலயே ருசி வேற மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு பேசாம முழுங்கிட்டேன்."

கயோகோ கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தாள். பிறகு சன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"இனிமே ருசி மாறுனா துப்பிடணும். தட்டுல, தரையில, எங்க வேணாலும் துப்பு."

"டீச்சர் மேலயுமா?"

"அவங்க மேலயும்தான். நான் வந்து துடைக்கிறேன்."

சுமிரே கெக்கெக்கே என்று சிரித்தாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சுமிரே சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கயோகோ கை நீட்டி அந்தச் சின்னக் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். "பாக்கட்டும்" என்றாள். கயோகோ அழுதுகொண்டிருந்தாள்.