ரோட்டுக்குக் கீழே போன வீடு

இங்கே ஹாமில்டனில் எங்கள் தெருவுக்குப் புது ரோடு போடுவதற்கு முன்னால் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒரு வண்டி தாரை உரித்து உரித்து லாரியில் கொட்டிக்கொண்டே போனது. நான் காபிக் கோப்பையோடு அரை மணி நேரம் வாசலில் நின்று பார்த்தேன். சத்தத்துக்காகத்தான் கோபமாக நிற்கிறேன் என்று நினைத்த தொழிலாளி ஒருவர் வந்து மன்னிப்புக் கேட்டார். "அதில்லை, எங்கள் ஊரில் சுரண்ட மாட்டார்கள், மேலேயே போட்டுவிடுவார்கள்" என்றேன். "அப்படியானால் வீட்டுக்குள் எப்படிப் போவீர்கள்?" என்றார். "இறங்கிப் போவோம்" என்றேன். நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார்.

அஸ்தினாபுரத்தில் என் அப்பா கட்டிய வீட்டுக்கு வாசலில் மூன்று படிகள் இருந்தன. தெருவிலேயே உயரமான வீடு அதுதான். "இன்னா சார், கப்பல் கட்டறீங்களா?" என்று கேலி செய்தார்கள். பிறகு ரோட்டின் மேல் ரோடு, அதன் மேல் இன்னொரு ரோடு. ஒவ்வொரு தடவையும் மழைத் தண்ணீர் ஒரு படி மேலே வந்தது. அப்பா கட்டட இடிசலைக் கொட்டி வாசலை மேடாக்கினார். மூன்று படிகளும் அதற்குள் புதைந்தன. ரோடு அதையும் தாண்டியது. இப்போது கேட்டிலிருந்து இரண்டு படி இறங்கினால்தான் வீடு. சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அவரவர் வாசலை ரோட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு தண்ணீரை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். மழைத் தண்ணீர் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய செப்டிக் டேங்க் நிரம்பினாலும் எங்கள் வாசலுக்குத்தான் வரும். எல்லாரும் படித்தவர்கள், கிருத்திகை தவறாமல் குன்றத்தூர் மலையேறுகிறவர்கள். தங்கள் மலம் அடுத்தவர் வாசலில் மிதப்பதைப் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே பல் துலக்குவார்கள்.

அந்த வீட்டில் இப்போது இருப்பது என் அக்கா விஜயா மட்டும். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடலாம், அதற்கு பேங்க்கில் லோன் கேட்டிருக்கிறேன், வீட்டை மதிப்புப் போட வருகிறார்கள், கையெழுத்துப் போட வா என்று கூப்பிட்டாள். தை மாதம் போனேன். விற்றுவிட்டால் தொல்லை விட்டது என்பதுதான் என் மனதில் இருந்தது. பாத்ரூமில் பொங்கும் தண்ணீருக்குப் பயந்து தாம்பரத்தில் ஹோட்டலில் தங்கினேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொந்த வீட்டு பாத்ரூமைக் கண்டு முகம் சுளித்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

மதிப்புப் போட வந்தவர் பைக்கை ரோட்டில் நிறுத்தினார். கேட்டுக்குள் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏரியா நல்ல ஏரியா சார். சுத்தி எல்லாம் புது ஃப்ளாட். அதனாலயே உங்க வீடு அடிவாங்குது. பில்டிங்குக்கு ஒண்ணும் போட முடியாது. லேண்டும் ரோடு லெவலுக்குக் கீழ இருக்கு, மண்ணடிக்கிற செலவைக் கழிச்சுதான் போடணும். இதுக்கு லோன் வர்றது கஷ்டம்."

"உள்ள வந்து பாருங்க. தேக்கு ஜன்னல். சுவத்துல ஒரு விரிசல் கிடையாது" என்றாள் அக்கா.

"வேணாம்மா. ரோட்லேர்ந்தே தெரியுது."

ஹாமில்டனில் பக்கத்து வீட்டுக்காரர் சமையலறையைப் புதுப்பித்து நல்ல விலைக்கு விற்றபோது, ஓர் ஆணிகூட அடிக்காத என் வீட்டின் மதிப்பும் கூடவே ஏறியது. அன்று குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிட்டோம். அஸ்தினாபுரத்திலோ அக்கம்பக்கம் உயர உயர எங்கள் வீடு மூழ்கிக்கொண்டிருந்தது.

அவர் போனதும் அக்காவிடம் சொன்னேன். "அவர் சொல்றது சரிதான்க்கா. பழைய வீடு, இதுல என்ன இருக்கு? வித்துட்டு உன் பங்குல கீழ்க்கட்டளை பக்கம் சின்ன ஃப்ளாட்டா பாத்துக்கோ."

"நீயும் ரோட்லயே நின்னுட்டு சொல்றியேடா."

அப்போதுதான் கவனித்தேன். நானும் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். என் கையும் மூக்கின் மேல்தான் இருந்தது.

"சரி, ஒண்ணும் இல்லாத வீடுதானே. உன் பாதிய எனக்கு எழுதிக் குடு. அவர் போட்ட விலைக்கே எடுத்துக்கறேன். பி.எஃப். பணம் இருக்கு" என்றாள்.

"ரொம்பக் கம்மியாச்சேக்கா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சற்று முன் இதில் என்ன இருக்கிறது என்று கேட்ட அதே நாக்கு. அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். சேலையைத் தூக்கிப் பிடித்து, அந்தத் தண்ணீரில் இறங்கி உள்ளே போனாள்.

ஊருக்குக் கிளம்புமுன் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். பணம் வேண்டாம் என்றேன். "தானமா ஒண்ணும் வேணாம்" என்று காசோலையைக் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டேன்; அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டைத் தூக்குவதற்கு நகையை அடகு வைத்தாள்.

ரோட்டைச் சுரண்டிய இந்தக் காலையில்தான் அவள் வீடியோ காலில் வந்தாள். அங்கே சாயங்காலம். வீட்டைச் சுற்றித் தோண்டிச் சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகள் வைத்திருந்தார்கள். வீடு தரையை விட்டு எழும்பியிருந்தது. அடியில் ஒரு பக்கத்து வெளிச்சம் மறுபக்கம் தெரிந்தது.

"வாசல்ல தோண்டினாங்க, இங்க பாரு" என்று போனைத் திருப்பினாள். மூன்று படிகள். ஈர மண்ணுக்கு நடுவே சிவப்பு சிமெண்ட் அப்படியே இருந்தது.

மேஸ்திரி அவற்றின் மேல் நின்றிருந்தார். "வூடு மேல பூடிச்சு, இந்தப் படி இனிமே எட்டாதும்மா. ஒடச்சிடலாமா? போன்ல யாரு, ஓனரா? அவரையும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

பழக்க தோஷத்தில் அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"தம்பிங்க. அவன் வீடு அங்க இருக்கு" என்று அவரிடம் சொன்னாள். "நீங்க ஒடைங்க."

கடப்பாரை விழுகிற சத்தம் இங்கே வண்டிச் சத்தத்துக்குள் அமுங்கிப்போனது. ரோட்டைச் சுரண்டி முடித்திருந்தார்கள். நான் என் வீட்டு வாசலில், தெருவைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.