அறுபத்தெட்டு கிராம் ஸ்பிரிங்

ஸ்டெல்லா பொய் சொல்கிறாள். மறந்திருப்பாள், அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று யாராவது எனக்குச் சமாதானம் சொல்ல வந்தால் அவர்களோடும் சண்டை போடுவேன். பொய்தான்.

போன வாரம் ஏற்காட்டில், ஒண்டிக்கடை ஸ்டாப்பில் கொட்டச்சேடு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் அம்மா எதிரே வந்தார். அவர் வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். என்னைக் கண்டதும் கைப்பைக்குள் துழாவிப் போனை எடுத்தார்.

"ஏங்கண்ணு, நம்ம ஸ்டெல்லா வீடியோ பாத்தியா? நொம்பப் பேரு பாத்திருக்காங்களாமா. அந்த மாதிரிப் பலகைதானே நீங்க ரெண்டு பேரும் எங்க ஊட்டுல உக்காந்து நோண்டுனது?"

வீடியோவில் ஸ்டெல்லா பெங்களூரில் ஒரு பளபளப்பான அறையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் திவ்யா என்று ஒரு பெண். நடுவில் ஒரு கீபோர்டு. "லீனியர் சுவிட்சா? கண்ணை மூடிட்டு அறுபத்தெட்டு கிராம் ஸ்பிரிங் போடுங்க. நானும் திவ்யாவும் எவ்வளவோ மாத்தி மாத்திப் பார்த்துக் கண்டுபிடிச்சது. இவளோட விரல்தான் எனக்கு அளவு" என்கிறாள்.

"உன்னைய மட்டும் காணமே சாமி அதுல?" என்றார் அந்த அம்மா.

"நான் மலை மேல இருக்கறனுங்கம்மா. கேமராவுக்கு எட்டாதுங்க."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் வந்ததையும் கவனிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் போனேன்.

உங்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சொல்கிறேன். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு சுவிட்சு இருக்கும். பிளாஸ்டிக் கூடு, உள்ளே ஒரு தண்டு, தண்டுக்கு அடியில் பேனா ஸ்பிரிங்கைவிடச் சின்னதாக ஒரு ஸ்பிரிங். சில சுவிட்சுகள் அமுக்கும்போது நடுவில் ஒரு தட்டுத் தட்டும். சில கிளிக் என்று கத்தும். லீனியர் அப்படியில்லை, மேலிருந்து கீழ் வரை ஒரே வழுக்கல். நடுவில் தடை எதுவும் இல்லாததால் ஸ்பிரிங்தான் எல்லாம். லேசானதைப் போட்டால் விரல் சும்மா பட்டாலே எழுத்து விழும். கனமானதைப் போட்டால் சாயங்காலத்துக்குள் விரல் மூட்டெல்லாம் கழன்றுவிடும்.

கிராம் கணக்கு என்பது ஸ்பிரிங்கின் எடை அல்ல. அதை அடி வரை அமுக்க விரல் கொடுக்கவேண்டிய பாரம். இதுகூட முதலில் எங்களுக்குத் தெரியாது. வாங்கிய ஸ்பிரிங் ஒன்றை ஸ்டெல்லா அவள் அப்பாவின் தராசில் வைத்தாள். காப்பிக்கொட்டைச் சாம்பிளை எடை பார்க்கிற தராசு. முள் அசையவே இல்லை. "ஏமாத்திட்டானுங்க புள்ள! அறுபத்திரண்டு கிராம்னு எழுதிக் காத்த அனுப்பிச்சிருக்கானுங்க" என்று கத்தினாள். அவள் அப்பா வந்து தராசைத் தட்டிப் பார்த்து, "தராசு சரியாத்தான் இருக்குது, உங்களுக்குத்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வேலை அப்போது ஏரிக்குப் போகிற வழியில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் காதில் கேட்டு அடித்துக்கொடுக்க வேண்டும். கீழே கேக் வேகும். மேலே நாங்கள் யாருடைய குடலையோ அடித்துக்கொண்டிருப்போம். இன்றைக்கும் வெண்ணிலா எசென்ஸ் வாசனை அடித்தால் எனக்குப் பித்தப்பைதான் ஞாபகம் வருகிறது. கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸ் கீபோர்டுகள் ரப்பர் வைத்தவை. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து உட்காரும். மழைக்காலத்தில் அந்த ரப்பர் ஊறிப்போய், அமுக்கினால் சேற்றில் கால் வைத்த மாதிரி இருக்கும். ஒருமுறை ஸ்டெல்லாவின் அண்ணன் பெங்களூரிலிருந்து அவனுடைய கீபோர்டைக் கொண்டுவந்தான். இருவரும் அடித்துப் பார்த்தோம். அன்றோடு கெட்டோம். ஆளுக்குப் பாதி போட்டு, எங்களுக்கென்று ஒன்றைத் தனித்தனிப் பாகமாக வாங்க ஆரம்பித்தோம். கொரியர்காரன் மலை ஏற மாட்டேன் என்பான். சேலத்துக்கு இறங்கிப் போய் வாங்கி, வளைவுகளில் வாந்தி வராமல் பிடித்துக்கொண்டு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சிலிருந்து வந்ததும் நான் போய்விடுவேன். சுவிட்சைப் பிரித்து, தண்டில் சின்னத் தூரிகையால் கிரீஸ் தடவி, ஸ்பிரிங்கை மாற்றி மூடுவோம். கமலா ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே வேலை நடக்கும். அவளுக்குக் காது. சத்தத்தை வைத்தே எந்த சுவிட்சில் கிரீஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். எனக்கு விரல். காப்பிப் பழம் பறித்துத் தடித்த விரல்தான், ஆனால் இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் அதற்குத் தெரியும். ஸ்டெல்லா நாலைந்து சுவிட்சை வரிசையாக வைத்துவிட்டு, பின்னால் வந்து ஒரு கையால் என் கண்ணைப் பொத்துவாள். அந்தக் கையில் ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும்.

"சொல்லு புள்ள, எது கனம்?"

"ரெண்டாவது. கைய எடுடி, கண்ணு எரியுது."

"எப்பிடிடி? மிசினா நீ? உன் வெரலுதான் எனக்கு அளவு."

இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியும்.

மார்கழியில்தான் வினை வந்தது. கிரீஸை அதிகமாக அப்பினால் சத்தம் ஆழமாக வரும் என்று ஸ்டெல்லா கண்டுபிடித்திருந்தாள். களத்தில் ஈரக் காப்பிக்கொட்டையைக் கொட்டுகிற சத்தம். நிஜமாகவே நல்ல சத்தம்தான். எல்லா சுவிட்சுக்கும் வெண்ணெய் மாதிரி அப்பிவிட்டோம். காலையில் ஆபீஸுக்குக் கொண்டுபோனால் குளிரில் கிரீஸ் இறுகி, அமுக்கிய பொத்தான் மேலே வர மனசில்லாமல் வருகிறது. ஒரே எழுத்தை வேகமாக இரண்டு தடவை அடித்தால் இரண்டாவது விழவே இல்லை. சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, நோயாளி பொழச்சாரா இல்லீங்களா? பாதிதான் இருக்குது."

கிரீஸை வழித்து எடுத்துவிடலாம் என்றேன். "சத்தம் போயிரும்" என்று ஸ்டெல்லா அழாத குறை. அப்போது நான்தான் சொன்னேன், கிரீஸ் இருக்கட்டும், பொத்தானை மேலே தள்ளுகிற மாதிரி ஸ்பிரிங்கைக் கனமாக்கு என்று. அறுபத்தைந்து போட்டோம். "இது போதும் புள்ள, இதுக்கு மேல போனா கை போயிரும்" என்றாள் அவள். போதாது என்றேன் நான். ஜன்னலைத் திறந்து, பனிக்காற்றில் கீபோர்டை வைத்து, மறுபடி அடித்துப் பார்த்து அறுபத்தெட்டைப் பொறுக்கினேன். அதற்குப் பிறகு ரிப்போர்ட் ஒழுங்காகப் போனது. நோயாளிகளும் முழுசாகப் பிழைத்தார்கள்.

ஆக, அறுபத்தெட்டு எங்கள் குளிருக்குப் பொறுக்கிய ஸ்பிரிங். ஸ்டெல்லா கீபோர்டை என்னிடம் விட்டுவிட்டுப் பெங்களூருக்குப் போன பிறகு சித்திரை வந்தது. கிரீஸ் இளகிவிட்டது. அதே ஸ்பிரிங் விரலை ஒடித்தது. அறுபத்திரண்டுக்கு மாற்றிக்கொண்டேன். இது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அறுபத்தெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள், குளிரை இங்கேயே விட்டுவிட்டாள். வீடியோவுக்குக் கீழே சென்னைக்காரர் ஒருவர் விரல் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறார். பழகிவிடும் என்று பதில் போட்டிருக்கிறாள். எப்படிப் பழகும்? ஏற்காட்டு மார்கழியையும் சேர்த்தா அவருக்கு அனுப்பப் போகிறாள்?

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். அவளை எத்தனை பேர் பார்த்தால் எனக்கென்ன. பெங்களூர் அறையும் எனக்கு வேண்டாம். வீடியோவின் நடுவில் ஓர் இடம் வருகிறது. ஸ்டெல்லா எழுந்து பின்னால் போய், ஒரு கையால் திவ்யாவின் கண்ணைப் பொத்துகிறாள். திவ்யா நீள நகத்தால் சுவிட்சைத் தட்டிவிட்டு, "ரெண்டாவதா?" என்கிறாள். நகத்தால் தட்டினால் என்ன தெரியும்? விரலின் சதை பட வேண்டாமா? அந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா "சரி" என்று கைதட்டுகிறாள். அது தப்பு. சத்தத்தைக் கேட்டாலே மூன்றாவதுதான் கனம் என்று தெரிகிறது. அந்தக் காதுக்கா தெரியவில்லை? தெரிந்தேதான் கைதட்டுகிறாள். எனக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சலுகை கொடுத்ததில்லை. தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுவாள்.

பேக்கரி மேல்மாடி ஆபீஸ் இப்போது இல்லை. டாக்டர் பேசுவதை மிசினே கேட்டு மிசினே அடித்துக்கொள்கிறதாம். எங்கள் மேஜை இருந்த இடத்தில் கட்டில் போட்டு டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் வாங்கிய சுவிட்சு வருவதே நின்றுவிட்டது. அதே பெயரில் இப்போது வருவது வேறு அச்சு, வேறு சத்தம். ஸ்டெல்லாவின் அப்பா ஓய்வு பெற்றதும் எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். நான் கொட்டச்சேட்டில் சொசைட்டி ஆபீஸில் கணக்கு அடிக்கிறேன். ஸ்பிரிங் மாற்றினால் நானே கண்ணை மூடிக்கொண்டு நானே அமுக்கிப் பார்க்கிறேன். எதை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரிந்திருப்பதால் அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

வீடியோவுக்குக் கீழே கேட்டேன்: இதை முதலில் பொறுக்கியது யார்? அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டாள். பதில் இல்லை. அப்புறம் தனியாக எனக்கு மட்டும் ஒரு மெசேஜ். "கோவிச்சுக்காத புள்ள. உன்ன மறப்பனா? மலைக்கு வரப்போ நேர்ல பேசலாம்."

நேரில் பேச வேண்டாம் ஸ்டெல்லா. நீ நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்து நான் சரி என்று சொல்லிவிடுவேன், அது உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரிகிற பதில் எனக்கு எதற்கு? அறுபத்தைந்து போதும் என்றது யார், அறுபத்தெட்டு என்றது யார்? யாருடைய விரல் உனக்கு அளவாக இருந்தது? அந்த வீடியோவுக்குக் கீழேயே, திவ்யாவும் படிக்கிற மாதிரி, என் பெயரைப் போட்டு எழுது.