வாங்கில் எழுதிய பெயர்

நித்தி அண்ணையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எங்கள் குடியிருப்பில் இப்போது ஆளில்லை. அதனால் நான் சொல்கிறேன். ஃப்ரிபூர்க் நகரத்தில் அவரும் நானும் ஒரே கட்டிடம். நான் பஸ் ஓட்டுகிறேன், அவர் நகரசபையின் துப்புரவுப் பகுதியில் வேலை செய்கிறார். முழுப்பெயர் நித்தியானந்தன். அகதியாக வந்து, எங்கடின் மலைப்பக்கம் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு இந்த நகரத்துக்கு இறங்கியவர். கல்யாணம் கட்டவில்லை. ஏனென்று கேட்டால், "நேரம் கிடைக்கேல்லை" என்பார். அது பொய்யில்லை. சனி ஞாயிறு முழுக்கக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பந்தடி பழக்குவதிலேயே போய்விடும்.

அவர்கள் விளையாடிய இடத்தை மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். தார் வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் ஒரு பக்கம் குளம். கோல் கம்பத்தில் வலை இருந்ததை நான் கண்டதில்லை. தமிழ்ப் பிள்ளை, போர்த்துக்கல் பிள்ளை, எரித்திரியப் பிள்ளை எல்லோருக்கும் முழங்காலில் ஒரே மாதிரித் தழும்பு. அங்கே விளையாட முடியாவிட்டால் ரயில் நிலையத்தடியில் போய் நிற்பார்கள், பொலிஸ் வந்து பை திறந்து பார்க்கும். மைதானத்தைத் திருத்தித் தரச் சொல்லி அண்ணை பல வருடம் நகரசபைக்கு அலைந்தார். கடைசியில், பாதிச் செலவைத் தருகிறோம், மீதியைக் குடியிருப்பு மக்கள் சேர்த்துக் காட்டுங்கள் என்றார்கள்.

சேர்ப்பது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. திரிம்பாக் ஊரில் எங்கள் சனத்தின் கோவில் திருவிழாவில் கடை போட்டு ரோல்ஸ் விற்றோம். சனம் நன்றாகச் சாப்பிட்டது. மைதானத்துக்கு என்று உண்டியலை நீட்டினால், "எங்கடை பிள்ளையளோ அங்கை விளையாடுறது? முக்கால்வாசி போர்த்துக்கல் பெடியளெல்லோ" என்று கை துடைத்துக்கொண்டு போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அண்ணை கோவிலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர்க் குழாயில் ஒரு பெயர். குடையில் ஒரு பெயர். பிளாஸ்டிக் கதிரையின் முதுகில்கூட, காலமான யாரோ ஒருவரின் ஞாபகார்த்தமாக என்று எழுதியிருந்தது.

"சனம் பிள்ளையளுக்குத் தராது. செத்தவைக்குத் தரும்" என்றார்.

அடுத்த கிழமையிலிருந்து வீடு வீடாகப் போனார். கோல் கம்பம் ஒருவர் உபயம், வலை ஒருவர் உபயம், உட்கார நீள வாங்கு, தண்ணீர்க் குழாய், லைற் எல்லாம் உபயம். கொடுப்பவர் விரும்பும் பெயரைத் தமிழில் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பூட்டுவதாகச் சொன்னார். ரோல்ஸைத் தின்றுவிட்டு ஓடின அதே சனம் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தது. பெயர் பூட்டலாமா என்று நகரசபையில் கேட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உபயம் கொடுத்தால் பெயர் இருக்கும், அதில் கேட்க என்ன இருக்கிறது? அண்ணை அந்த நகரசபையிலேயே இத்தனை வருடம் வேலை செய்பவர். அவருக்கும் தோன்றவில்லை.

புனிதவதி அக்காவின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை அவவுக்கு. புருஷன் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் விதுஷன், அந்த வெடித்த தாரில்தான் பந்தடி பழகினவன். ஒரு பனிக்காலத்தில் நெடுஞ்சாலையில் கார் வழுக்கிப் போய்விட்டான். எரித்து, சாம்பலை சாரின் ஆற்றில் கரைத்தோம். கிறிஸ்தவர்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லாவது இருக்கும். அவவுக்கு ஆறுதான், அதுவும் ஓடிக்கொண்டே இருந்தது.

"கோல் கம்பத்துக்குக் கிட்ட முதலாவது வாங்கு விதுஷனுக்கு, அக்கா" என்றார் அண்ணை.

"பேர் தமிழிலை இருக்குமோ, தம்பி?"

"ஓம், தமிழிலைதான்."

ஊருக்குப் போய்வர என்று அவ சேர்த்து வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தா. ஊரில் யார் இருக்கினம், இங்கேதான் பிள்ளை விளையாடினவன் என்றா.

மைதானம் வந்தது. போன வருடம் வைகாசியில் திறந்தார்கள். பச்சைச் செயற்கைப் புல், புது வலை, மர வாங்குகள். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லைக் காலால் தடவிப் பார்த்தார்கள். அண்ணை தன் சொந்தச் செலவில் வெட்டின தகடுகளையும் ஒரு திருப்புளியையும் பையில் கொண்டு வந்திருந்தார். நாடா வெட்டி முடிந்ததும் முதலாவது வாங்கில் தகட்டை வைத்து முதல் ஆணியை முறுக்கத் தொடங்கினார். புனிதவதி அக்கா பட்டுச்சேலையோடு பக்கத்தில் நின்றா.

நகரசபையின் விளையாட்டுப் பகுதிப் பெண் ஓடி வந்தா. பொதுச் சொத்தில் தனிப் பெயர் போட முடியாது என்றா. கெட்டவ இல்லை. இன்றைக்கு உங்களுக்கு விட்டால் நாளைக்கு ஒரு வங்கி தன் பெயரைப் போடக் கேட்கும், நான் என்ன சொல்வது என்று தன்மையாகத்தான் விளக்கினா. வாசலில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். குடியிருப்பு மக்களின் பங்களிப்புடன் என்று பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் போட்டிருந்தது. செத்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டார்கள்.

அண்ணை ஆணியைத் திரும்பக் கழற்றினார். எனக்குப் பார்க்க முடியவில்லை, பலகையை வாசிப்பதுபோல வாசலுக்குப் போய் நின்றேன்.

பிறகு நடந்தது நமது சனத்தின் வழக்கமான வேலை. "எங்கடை அப்பான்ரை பேரைச் சொல்லி ஏமாத்திப்போட்டான்" என்று தயாநிதி கோவில் வாசலிலேயே கத்தினான். அவன் கொடுத்தது ஒரு வலை. அண்ணை ஒவ்வொரு வீடாகப் போய்த் தகட்டைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். சிலர் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள், சிலர் கதவே திறக்கவில்லை. புனிதவதி அக்கா திட்டவில்லை, தகட்டை வாங்கவும் இல்லை.

"வீட்டுக்குள்ளை அவன்ரை பேர் இருக்கு, தம்பி. வெளியிலைதான் இல்லை" என்றா.

ஆடி மாதம் அண்ணையின் வேலைக் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. புது மைதானத்து வாங்கில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள், அழிக்கவும் என்று மேலதிகாரி அனுப்பியிருந்தார். நீல மாக்கர் பேனையால் கோணல் மாணலாக, விதுஷன். அந்த எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் போனபோது அக்கா அந்த வாங்கிலேயே இருந்தா.

"எழும்புங்கோ, அக்கா" என்றார்.

அவ எழும்பினா. அவர் மை அழிக்கிற மருந்து தெளித்துத் துடைக்கும்வரை பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, துடைத்து முடிந்ததும் திரும்ப அதே இடத்தில் இருந்தா.

அடுத்த மாதமும் எழுதினா. அதற்கடுத்த மாதமும். அவ எழுதுவா, யாரோ படம் எடுத்து முறைப்பாடு செய்வார்கள், இவர் போய் அழிப்பார். மேலதிகாரி இரக்கப்பட்டு அந்த மைதானத்தை வேறு ஆளுக்கு மாற்றித் தரவா என்று கேட்டாராம். இவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். எனக்கு விசர் வந்தது.

"உங்களுக்கென்ன தலையெழுத்தோ அண்ணை? வேறை ஆரும் அழிக்கட்டுமன்."

"வேறை ஆக்களுக்கு அது கிறுக்கல். நான் ஒருக்கா வாசிச்சுப்போட்டெல்லோ அழிக்கிறன்" என்றார்.

இந்த வருடம் மாசியில் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. என் பஸ் போகும் வழியில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் சன்னலோரம் இருக்கிறா. சரி, அண்ணைக்கு அந்த வேலையாவது இனி இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

போன கிழமை வேலை முடிந்து மைதானப் பக்கமாக நடந்து வந்தேன். தூறிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் இல்லை. அண்ணை வாளியோடு முதலாவது வாங்கின் முன்னால் குந்தியிருந்தார்.

"என்ன அண்ணை, திரும்பவுமோ?"

"ஓம். விதுஷன்தான்."

"புனிதவதி அக்காவாலை கை தூக்கேலாதே. ஆர் எழுதினது?"

மருந்தைத் தெளித்தார். பெயரை ஒருமுறை சத்தமாக வாசித்தார். பிறகு துடைத்தார். மரத்தில் இருந்தது சுத்தமாகப் போய்விட்டது. கடைசியில் அதே துணியால் தன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்தார். அங்கே இருந்த நீலம் போகவில்லை.