ஏழு மணிக்குள் ஒரு அங்குலம்

ஆர்விட் நியெமி ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்தோரு வருடமாக வானிலைத் துறைக்குச் சம்பளமில்லாமல் பனி அளந்து கொடுக்கிறார். கொல்லையில் ஒரு அளவுகோலை நட்டு வைத்து, தினமும் காலை ஏழு மணிக்குக் குனிந்து பார்த்து நோட்டில் எழுதுவார். கிறிஸ்துமஸ் அன்று அந்த நேரத்தில் தரையில் ஒரு அங்குலமாவது இருந்தால்தான் அது வெள்ளைக் கிறிஸ்துமஸ்.

அவர் ஊர் இருக்கும் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் பனிக்குப் பஞ்சமில்லை. வடமேற்கிலிருந்து குளிர்காற்று ஏரியைத் தாண்டி வந்தால் கொட்டித் தீர்த்துவிடும். ‘நாற்பத்தாறு வருடம் தொடர்ந்து வெள்ளைக் கிறிஸ்துமஸ்’ என்று ஊர் எல்லையில் பலகை வைத்து, ஏதோ தாங்களே பெய்ய வைத்தது மாதிரி ஊரார் அலட்டிக்கொண்டார்கள்.

இந்த வருடம் பசிபிக் கடல் சூடேறிக் கிடந்தது. டிசம்பர் முழுக்க வெதுவெதுப்பான தெற்குக் காற்று, பனி புல்லைக்கூட மூடவில்லை. கடலைத் திட்ட முடியுமா? ஆர்விட்டைத் திட்டினார்கள்.

இருபத்து நான்காம் தேதி மத்தியானம் மேயர் டாரெல் கோஸ்கி லாரியோடு வந்தார். அறுநூறு பேர் ஊரில் மேயர்தான் பனி தள்ளும் வண்டிக்கும் டிரைவர். ஐஸ் ஹாக்கி மைதானத்தில் சுரண்டிய ஐஸை அள்ளி வந்து, அளவுகோலைச் சுற்றிக் கொட்டிவிட்டார்.

“அண்ணே, வெள்ளையாத்தானே இருக்கு? எழுதிக்குங்க.”

“வானத்துலேர்ந்து விழுந்துச்சா?”

“வண்டியிலேர்ந்து விழுந்துச்சு. எதுலேர்ந்து விழுந்தா என்ன?”

“மனுஷன் தள்ளின பனி கணக்குல சேராது டாரெல். அள்ளிக்கிட்டுக் கிளம்பு.”

“பெரிய யோக்கியரு! என் வண்டி உங்க வாசல் வழியாத்தான் போகும், ஞாபகம் வச்சுக்குங்க.”

மேயர் அள்ளவில்லை. ஆர்விட்தான் அள்ளினார். மனைவி எல்மா ஜன்னலைத் திறந்தாள்.

“ஒண்ணுன்னு எழுதினா கை முறிஞ்சிடுமா? நாளைக்கு நம்ம மூஞ்சில எவன் முழிப்பான்?”

அவருக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் யாரும் குறை சொல்ல முடியாதபடி அவர் செய்த ஒரே காரியம் அந்த நோட்டுதான்.

மறுநாள் ஏழு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தார். வெறும் புல். பூஜ்யம் என்று எழுதி அனுப்பினார்.

ஏழே முக்காலுக்குக் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. மாதா கோயிலில் பூசை முடிவதற்குள் பதினோரு அங்குலம்! மொத்த ஊரும் நேரே அவர் வீட்டுக்கு வந்தது.

“இப்ப அளங்கய்யா!”

“ஏழு மணி தாண்டிருச்சு. இது நாளைக் கணக்கு.”

கணுக்காலுக்கு மேல் பனியில் நின்றுகொண்டு, பனியில்லாத கிறிஸ்துமஸ் ஆக்கிவிட்டாரே என்று அவரைத் தூற்றினார்கள்.

அடுத்த நாள் காலை ஊரில் எல்லார் வாசலும் சுத்தமாக இருந்தது. ஆர்விட் வீட்டு வாசலை மட்டும் மேயரின் வண்டி பனியைத் தள்ளி மதில்போல் அடைத்துவிட்டுப் போயிருந்தது.

“கிடைச்சுதா பரிசு?” என்றாள் எல்மா.

ஆர்விட் ஒரு கோலை எடுத்து வந்து அந்த மதிலை அளந்தார். நாற்பத்து நான்கு அங்குலம். முப்பத்தோரு வருடத்தில் பார்த்திராத அளவு. பென்சிலைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஆசையோடு பார்த்தார்.

“மனுஷன் தள்ளினது” என்று முணுமுணுத்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மண்வாரியை எடுக்கப் போனார்.