பீங்கானில் சுருங்கிய எழுத்து

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவனுக்குப் பேனாவைப் பிடித்துக் குந்துவதே ஒரு தண்டனை. ஆனால் வாப்பாவின் கையைப் பற்றிக் கல்முனைக்குடியில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. நான் கண்டதும் ஒன்று கிடக்கட்டும்.

வாப்பா லெவ்வை, பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிறவர். காய்ச்சல், பயம், பிள்ளைப்பேறு என்று வருகிறவர்களுக்குப் பீங்கான் எழுதிக் கொடுப்பார். பன்னீரில் குங்குமப்பூவைக் கரைத்து, நாணற்குச்சியால் வெள்ளைப் பீங்கான் தட்டில் குர்ஆன் ஆயத்தை எழுதுவார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பார்கள். அவருடைய எழுத்து பீங்கான் நிறையக் கொழுத்துக் கிடக்கும்.

போன மாரியில் அது மெலியத் தொடங்கியது. வலப்பக்கத்து முதல் எழுத்து நெல்லளவு இருக்கும். இடப்பக்கம் போகப்போக எள்ளாகி, வரி முடிகிற இடத்தில் வெறும் மஞ்சள் கோடாகிவிடும்.

"என்ன வாப்பா, சண்டைக் காலத்துச் சீனி மாதிரி எழுத்தையும் பங்கு வெச்சிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

முன்பென்றால் சிரித்துக்கொண்டே தோள் துண்டைச் சுழற்றி என்மேல் எறிவார். அன்று முகம் அசையவே இல்லை.

"பெரிசாத்தான் மனே எழுதுறன். கை கேக்குதில்ல."

அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, இன்னும் நாலு பகிடி விட்டேன். ஒன்றும் எடுபடவில்லை.

ஊர்ப் பெண்கள் இதை வேறு மாதிரிக் கண்டார்கள். மருதமுனையில் ஒரு பிள்ளைக்கு அந்தச் சின்ன எழுத்தைக் குடித்துக் காய்ச்சல் விட்டதாம். "பெரிய எழுத்த விட அந்தப் பொடி எழுத்துக்குத்தான் பறக்கத்துக் கூட" என்று, அருள் அதில்தான் அதிகமென்று கதை பரவியது. சாய்ந்தமருதிலிருந்தும் மாவடிப்பள்ளியிலிருந்தும் வண்டில் கட்டி வந்தார்கள். எழுத்துச் சுருங்கச் சுருங்க வாசலில் கூட்டம் பெருத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக நின்ற வாப்பாவால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். அடுத்த கிழமை பஸ்ஸில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டொக்டர் ஒரு கடதாசியைக் கொடுத்து, பெயரைத் தமிழில் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். கடைசி வரியை நான் குனிந்து பார்த்தும் வாசிக்க முடியவில்லை.

"இது கையில உள்ள நோயில்ல, மூளையில இருந்து வாற வருத்தம்" என்றார் டொக்டர்.

"கை நடுங்குதில்லையே, டொக்டர்?"

"சில பேருக்கு நடுக்கம் பிந்தித்தான் வரும். எழுத்து முந்திச் சுருங்கும், முகம் இறுகும், குரலும் குறையும். குளிசை தாறன், கொஞ்சம் இளக்கும். சுகப்படுத்த மருந்தில்ல, தம்பி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாப்பா என் காதுக்குக் கிட்ட வந்து கதைத்தார். அப்படிக் கதைத்தால்தான் இப்போது கேட்கும்.

"நான் எழுதினத நானே வாசிக்க ஏலாம இரிக்கி. ஆயத்து முழுசா இல்லாம, ஆயத்தெண்டு சொல்லிக் குடுக்கிறது பொய்தானே மனே? இனி எழுதப்படா."

மறுநாள் விடிய வந்த பெண்களிடம் அவரே சொல்லிப் பார்த்தார். "எனக்கு வருத்தம் புள்ள. என்ட எழுத்துல ஒண்டும் இல்ல."

"கண்டீங்களா, பெரியவங்க இப்பிடித்தான் தங்களத் தாழ்த்திக் கதைப்பாங்க" என்றாள் ஒரு மாமி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் முன்னுக்கு வந்தேன். "மாமி, மெய்யாத்தான். டொக்டர் சொன்ன. மூளையில வருத்தமாம். அதாலதான் எழுத்துச் சின்னமாப் போற."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒனக்கு வாப்பாவையும் பகிடி பண்ணோணுமா, குறும்பா? போன பெருநாளைக்கு எங்குட மாடு முட்டை போட்டிச்செண்டு சொன்னவன்தானே நீ!"

வாசலே சிரித்தது. அல்லாஹ் மேல் ஆணையிட்டேன். அதற்கும் சிரித்தார்கள். என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

காய்ச்சல் பிள்ளையோடு நின்ற ஒரு இளந்தாய் பீங்கானை வாப்பாவின் மடியில் வைத்தாள். நான் பறித்தேன். அவள் அழத் தொடங்கினாள். வாப்பா அந்த அழுகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்து பீங்கானை மெல்ல வாங்கி, குச்சியைத் தொட்டு எழுதினார். இரண்டு தரம் அழித்து, மூன்றாம் தரமும் அதே எறும்புக் கோடுதான். கொடுக்கும்போது முகம் கல்லாகவே இருந்தது. ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் கண்டேன். அவள் கண்டதோ அழகான பொடி எழுத்து. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் கடற்கரைக்குப் போனேன். என் கூட்டாளி கரைவலைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றான். சின்ன வயதிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவன். இவனாவது நம்புவான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், டொக்டர், கடதாசி, அந்த அழுகை, ஒன்றும் விடவில்லை. "நீ சொன்னா ஊர் கேக்கும்டா மச்சான். வந்து சொல்லு, வாப்பாவ எழுதவெக்க வேணாமெண்டு."

அவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என் தோளில் கை போட்டான்.

"அதெல்லாம் இரிக்கட்டும் மச்சான், எங்குட உம்மாட முழங்காலுக்கு அந்தப் பொடி எழுத்துல ஒரு பீங்கான் வாங்கித் தாடா."