பன்னிரண்டடி ஆழத்தில் ஒரு கச்சேரி

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. பிற்பகல் ஒன்று பத்துக்கு நாகர்கோவிலில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். கைப்பையில் ஒரு குடையும் ஒரு நோட்டீசும் இருந்தன. திருவனந்தபுரத்தில் அந்த மாதம் நடக்கவிருந்த பதினொரு இசை நிகழ்ச்சிகளை அதில் அச்சிட்டிருந்தார்கள். நூலக மாடியில் கிதாரும் இடக்கை மேளமும், சங்குமுகம் கடற்கரையில் பேச்சில்லாத நாடகம் என்று எல்லாமே புதுமாதிரியானவை. ஏழாவதாக இருந்தது இது: ‘நிலத்தடித் தொட்டிக்குள் குரல். பாடுபவர் வலியசாலை சரஸ்வதி. கரமனை, பழைய எண்ணெய் மில். மாலை நான்கு மணி.’

நான் பாட்டு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தபாலில் வந்த நோட்டீஸ் அது. சரசு என்று நான் கூப்பிடும் சரஸ்வதி அனுப்பியதல்ல.

சரசுவும் நானும் திருவனந்தபுரத்தில் ஒன்றாகச் சங்கீதம் படித்தோம். நான்கு வருடம் ஜோடியாகக் கச்சேரி செய்தோம். எனக்குக் கல்யாணமான மூன்றாவது மாதம், கொல்லத்தில் கச்சேரி. மேடை ஏறக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் ‘வர இயலவில்லை’ என்று சரசுவுக்குத் தந்தி கொடுத்தேன். பிறகு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் அவளிடமிருந்து பதில் இல்லை. ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

பாறசாலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

மூன்று பதினைந்து. தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் மார்த்தாண்டத்துக்காரர்.

“எங்கோட்டுக்கா?”

“கரமனைக்குப் பக்கத்துல, பழைய எண்ணெய் மில்.”

“அது அடச்சுக் கெடக்குல்லா? அங்க என்ன காரியம்?”

“பாட்டுக் கச்சேரி.”

அவர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மில்லின் முற்றத்தில் கணுக்கால் அளவுக்கு மழைநீர் ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சியை நடத்துகிற பிஜு, கட்டட வரைபடம் போடும் இளைஞர், நனைந்த சட்டையோடு கொட்டகையில் நின்றார். “டிக்கெட் இல்ல சேச்சி. பேரு மாத்ரம் எழுதியா மதி, போதும்” என்று நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். முப்பத்தொன்பதாவது ஆளாக என் பெயரை எழுதினேன்.

மில்லின் பழைய எண்ணெய்த் தொட்டிக்குச் சதுரமான ஒரே வாய்தான். அதன் வழியாக மர ஏணியில் இறங்கினேன். பன்னிரண்டடி ஆழம், முப்பதடி நீளம், இருபதடி அகலம். தரையோரமாகக் கம்பி இழுத்து நான்கு பல்புகள் போட்டிருந்தார்கள். ஒரு சுவரில், தலைக்குமேல், முற்றத்திலிருந்து வரும் ஓரடி அகலக் குழாயின் வாய் தெரிந்தது. சாக்கும் சிமென்டும் வைத்து அடைத்திருந்தார்கள். யாரோ இருமினார். அந்த இருமல் சுவர்களில் சுற்றி அடங்க ஆறு நொடி ஆனது.

மணி நான்கு ஐந்து. சரசு இறங்கி வந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்த கண்கள் என்மேல் வந்து நின்றன. முகத்தில் எதுவும் மாறவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடத் தொடங்கினாள்.

சொல்லும் இல்லை, தாளமும் இல்லை. ஒரு சுரத்தைச் சுவரில் எறிவாள். அது திரும்பி வரும்போது அதன்மேல் அடுத்ததை வைப்பாள். சற்று நேரத்தில் ஒருத்தி பாடுவது நான்கு பேர் பாடுவதுபோல் இருந்தது. பக்கத்தில் நான் இல்லாத குறையை அவள் இப்படித் தீர்த்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

நான்கு இருபத்தைந்து இருக்கும். குழாய்க்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கண்ணை மூடி ரசித்தார்கள். அடுத்த கணம் சாக்கு தெறித்து விழுந்தது. முற்றத்து மழைநீர் முழுவதும் செம்மண் நிறத்தில் உள்ளே கொட்டியது.

“கரண்ட்! கரண்டை நிறுத்துங்க!” என்று கத்தினேன். மேலே நின்ற பிஜு ஓடிப்போய் இணைப்பைப் பிடுங்கினார். இருட்டு. தலைக்குமேல் சாம்பல் நிறத்தில் ஒரு சதுர வெளிச்சம் மட்டும்.

எல்லோரும் ஏணியை நோக்கிப் பாய்ந்தார்கள். இரண்டு பேர் ஒன்றாக ஏறினார்கள். நடுவில் ஒரு படி முறிந்து, ஒருவர் தோள்பட்டை அடிபட விழுந்தார். “ஒற்றையாக ஏறுங்கள்”, “தள்ளாதீர்கள்” என்று ஆளாளுக்குக் கத்தினோம். கத்தியது ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஆறு நொடி சுழன்று அடுத்த சொல்லோடு மோதியது. கத்தக் கத்த இரைச்சல் பெருகியது, இரைச்சலைக் கேட்டு பயம் பெருகியது.

சரசு கத்தவில்லை. ஒரே சுரத்தைப் பிடித்து நீளமாகப் பாடினாள். அந்த இரைச்சலில் அது மட்டும் உடையாமல் கேட்டது. இருபது நிமிடமாக அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் தங்களை அறியாமல் வாயடைத்தார்கள். அந்த அமைதியில் அவள் மெதுவாகச் சொன்னாள்: “ஞான் ஒந்நு பாடித் தீரும்போள் ஒராள் கேறணும். பின்னே அடுத்தாள்.”

பாடினாள். ஒருவர் ஏறினார். பிஜு மேலே குப்புறப் படுத்துக் கையைப் பிடித்து இழுத்தார். மறுபடி பாடினாள். இன்னொருவர்.

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. இருபது பேர் ஏறியிருப்பார்கள், சரசுவுக்கு இருமல் வந்தது. பாட முயன்றாள், காற்றுதான் வந்தது. ஏணியடியில் மறுபடி முண்டியடிக்கத் தொடங்கினார்கள்.

நான் பாடினேன். ஒன்பது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் தவிர யார் முன்னாலும் பாடியதில்லை. குரல் நடுங்கியது. சுருதி மட்டும் விலகவில்லை. ஒருவர் ஏறினார். அடுத்ததை நான் எடுப்பதற்குள் சரசு எடுத்துக்கொண்டாள். பிறகு நான், பிறகு அவள். யார் எப்போது மூச்சு விடுவது என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முழங்காலுக்குத் தண்ணீர் வந்தபோது தோளில் அடிபட்டவரைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். நாங்கள் இருவரும் மிஞ்சினோம்.

“ஏறுடி” என்றாள்.

“நீ முதல்ல.”

“இங்க நின்னுண்டு சண்டை போடாதே. ஏறு!”

ஏறினேன். முறிந்த படிக்கு அவள் வந்ததும் குனிந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

மேலே பிஜு இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். சரசு அவரை உலுக்கினாள். “எழுந்திருடா. நோட்டுல இருக்கற பேரைக் கூப்பிடு.” ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது. கடைசிப் பெயர்வரை எல்லோரும் இருந்தார்கள். அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

கொட்டகையில் சேலையைப் பிழிந்துகொண்டு நின்றோம்.

“கொல்லத்துல நீ உக்கார வேண்டிய இடத்துல தம்புராவை வச்சுண்டு பாடினேன்” என்றாள்.

“எங்க வீட்டுல நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கணும், சரசு. பேசல.”

“இன்னிக்குப் பாடினே, நன்னாப் பாடினே. அது வேற. எனக்குக் கோவம் போகலை, கேட்டியா.”

“போகணும்னு நான் வரல.”

“பின்னே எதுக்காக்கும் வந்தே?”

“நீ பாடுறதக் கேக்கணும்னு இருந்துது.”

அவள் தன் பையிலிருந்து உலர்ந்த தோர்த்துத் துண்டை எடுத்து என்மேல் எறிந்தாள். “தலையைத் துவட்டு. காய்ச்சல் வந்தா உன் மாமியார் என்னையாக்கும் சொல்லுவா.”

ஆறு இருபது வண்டிக்கு நான் தனியாகத்தான் தம்பானூர் போனேன். அவள் முகவரி தரவில்லை, நானும் கேட்கவில்லை. நெய்யாற்றின்கரை, குழித்துறை, இரணியல் என்று நிலையங்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் பாட்டு என்றால் பள்ளி முடிந்ததும் பூட்டிவிடும் அறை, ஒரு ஹார்மோனியம், முப்பது பிள்ளைகள். அதுவே போதும் என்று ஒன்பது வருடம் எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

நாகர்கோவில் ஸ்டேஷனில் கணவர் குடையோடு நின்றார். செம்மண் படிந்த சேலையைப் பார்த்துப் பதறிவிட்டார். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

“நானும் பாடினேன்” என்றேன்.

குடையை விரித்து என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். பிறகு, “அம்மைக்கிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிடுதேன்” என்றார்.

“வேண்டாம்” என்றேன். “நானே சொல்லுதேன்.”