ஆறு வயிறும் மூன்று வயிறும்

வளைகுடாவில், ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு சமையல்காரரைப் பாத்திரம் கழுவும் வேலைக்குத் தள்ளியவன் நான். தவறு முழுக்க என்னுடையது. கேம்ப்பின் இரண்டு மெஸ்களிலும் ஐம்பது ஐம்பது பேர் சாப்பிட்டார்கள். ஒரு வாரம் அவருடைய மெஸ்ஸில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு, மற்றதில் மூன்று பேருக்கு. "இரண்டு மடங்கு" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். புள்ளியியல் படித்தவன் சொன்னால் மறுபேச்சு ஏது?

தொப்பை முன்னே வர, சமையல்காரர் என் அறைக்கு வந்தார். எதையும் முகர்ந்து பார்ப்பது அவர் பழக்கம். என் மேசையில் இருந்த கணக்குக் காகிதத்தையும் முகர்ந்தார்.

"இதுல ஒரு வாசமும் இல்லையே சார். அந்த ஆறு பேரும் ருசி தாங்காம ரெண்டு தட்டு அடிச்சவனுங்க. அந்த மெஸ்ல ஒரு வாயே இறங்காது, அப்புறம் எங்கேர்ந்து போகும்?"

சிரித்துவிட்டேன். அவர் போனபின்தான் கணக்கை முறையாகச் சோதித்தேன். இரண்டு சமையலும் ஒரே தரமாக இருந்தாலும், இத்தனை சிறு கூட்டத்தில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடும். மேனேஜரிடம் போய்த் தவறை ஒப்புக்கொண்டேன். சமையல்காரருக்குக் கரண்டி திரும்பக் கிடைத்தது.

அன்றிரவு என் தட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். காலையில், "வயிறு எப்படி சார்?" என்றார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன், நாலாவது முறையாகக் கழிப்பறைக்கு ஓடிக்கொண்டே. தற்செயலா, குழம்பா என்று ஒரே ஒரு வயிற்றை வைத்து எப்படிச் சொல்வது?